முகப்பூச்சும் புரதச் சரமும்

திருவனந்தபுரத்தில் கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழர் இவ்வூரில் இலர் எனலாம். நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் பல தலைமுறைகளுக்கு முன் வந்து கடை வைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாணிபம் செய்கின்றனர். முகத்திற்குப் பூசத் தக்கவை என்று அத்தெருவில் நெடுநாளாகப் பெயர் பெற்ற சரக்குகள் கஸ்தூரி மஞ்சளும், பயற்றமாவும், சந்தனமும், வெட்டிவேருமே. இவற்றின் தரத்தை மதிப்பிட வாங்குவோருக்கு எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சளை முறித்து உள்நிறம் பார்ப்பர். சந்தனத்தை உரைத்து மணம் பார்ப்பர். வேரை நீரில் இட்டு ஓர் இரவு காத்திருப்பர். கண்ணும் மூக்கும் தீர்ப்புச் சொல்லிவிடும்.

இன்று அதே இல்லங்களுக்குள் சிறு கண்ணாடிச் சிமிழ் ஒன்று வந்து சேர்கிறது. அதன் மேல் ‘பெப்டைடு அடங்கியது’ என்று எழுதியிருக்கிறது. இவ்வூரில் மட்டுமன்று, மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வேலை நிமித்தம் குடியேறிய நம்மவர் வீடுகளுக்கு அது அஞ்சலிலேயே வந்துவிடுகிறது. சுருக்கம் மறையும், தோல் இறுகும், இளமை மீளும் என்பன அதனுடன் வரும் உறுதிமொழிகள். இச்சிமிழை முறித்துப் பார்க்கவும் இயலாது. உரைத்துப் பார்க்கவும் இயலாது. பின் எவ்வாறு மதிப்பிடுவது? கண்ணும் மூக்கும் கைவிட்ட இடத்தில் எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது? இதைத்தான் நாம் இப்போது பார்க்கப் போகிறோம். விடையின் ஒரு பகுதி இதே திருவனந்தபுரத்தில், பூஜப்புரை என்னும் பகுதியில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன், பெப்டைடு என்பது யாது என்று தெரிந்துகொள்வோம்.

தோவாளையிலிருந்து இவ்வூருக்கு நாள்தோறும் பூ வருகிறது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று சில நிறப் பூக்களை வைத்துக்கொண்டே, வரிசையை மாற்றி மாற்றி எத்தனையோ விதமான சரங்களைத் தொடுக்கிறார்கள் அல்லவா? நம் உடலும் அவ்வாறே செய்கிறது. அமினோ அமிலங்கள் என்னும் 20 வகைச் சிறு பொருள்களை வரிசைப்படுத்திக் கோத்துப் புரதங்களை உண்டாக்குகிறது. நூற்றுக்கணக்கில் கோத்த நெடுஞ்சரம் புரதம். ஐந்தோ பத்தோ முப்பதோ கோத்த சிறுசரம் பெப்டைடு. எந்தப் பூவிற்குப் பின் எந்தப் பூ என்ற வரிசைதான் அதன் குணத்தை முடிவு செய்கிறது.

தோலுக்கு உறுதி தரும் புரதத்தின் பெயர் கொல்லாஜன். இதன் அமைப்பை உலகிற்குக் காட்டிய பெருமை சென்னைக்கு உரியது. 1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக இருந்தபோது, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ் கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தார். மூன்று சரங்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட வடம் போன்றது கொல்லாஜன் என்ற கருத்தை இருவரும் 1954-இல் வெளியிட்டனர். நம்மவர் திருவனந்தபுரம் வந்து கடை வைத்ததற்குக் கைம்மாறாக, கேரளத்தவர் ஒருவர் சென்னைக்குச் சென்று செய்த உபகாரம் இது என்று நாம் கொள்வதில் பிழையில்லை.

வயது ஏற ஏறவும், வெயில் பட்டுப் படவும், இவ்வடங்கள் தோலில் குறைகின்றன, உள்ளவையும் சிதைகின்றன. சுருக்கம் விழுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். கொல்லாஜன் சிதையும்போது உதிரும் சில துணுக்குகள், ‘புதிதாகச் செய்’ என்று உயிரணுக்களுக்குச் சொல்லும் தூதுகளாகவும் இருக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதினர். 1993-இல் அமெரிக்காவில், கொல்லாஜனின் முன்வடிவத்திலுள்ள ஐந்து அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்கு ஒன்று, கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களைத் தூண்டிக் கொல்லாஜனை மிகுதியாகச் செய்ய வைத்ததாகக் காணப்பட்டது. லைசின், திரியோனின், திரியோனின், லைசின், செரின் என்பது அதன் வரிசை. பின்னர் உலகெங்கும் முகப்பூச்சுகளில் இடம்பெற்ற பெப்டைடுகளில் மிகவும் பேர்பெற்றது இதன் வழிவந்ததே.

இத்துணுக்கை எவரும் தோலிலிருந்து பிரித்தெடுப்பதில்லை. ரசாயன சாலையில் தொடுக்கிறார்கள். அம்முறையை 1963-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான புரூஸ் மெரிஃபீல்ட். 1984-இல் அதற்காக நோபெல் பரிசு பெற்றார். சரத்தின் ஒரு நுனியை நுண்ணிய பிசின் மணி ஒன்றில் பொருத்திவிட்டு, ஒவ்வோர் அமினோ அமிலமாகச் சேர்ப்பதும், சேராமல் மிஞ்சியதைக் கழுவி நீக்குவதும், சரம் முடிந்தபின் மணியிலிருந்து கழற்றுவதும் அம்முறையின் சாரம். ‘செயற்கை’ என்ற சொல்லைக் கேட்டதும் போலி என்று எண்ணிவிடலாகாது. வரிசை ஒன்றேயானால் இயற்கைச் சரமும் செயற்கைச் சரமும் ஒன்றே.

ஆனால் தொடுப்பவர் கை ஒரு பூவைத் தவற விடக்கூடும். நூறு முறை கோத்தால் தொண்ணூற்றொன்பது முறை சரியாக விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கண்ணிச் சரத்திற்கு நான்கு கோப்புகள். முடிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு சரங்கள் பிழையின்றித் தேறும். இருபத்தேழு கண்ணிச் சரத்திற்கு இருபத்தாறு கோப்புகள்; அதே திறமையோடு கோத்தாலும் எழுபத்தேழுதான் தேறும். மற்றவை பூ உதிர்ந்த சரங்கள். அவற்றைப் பிரித்து நீக்கும் முறைகளும், மிஞ்சியதன் எடையை நுட்பமாக அளந்து வரிசையைச் சரிபார்க்கும் கருவிகளும் உண்டு. ஆகவே முதலில் கேட்க வேண்டியது, சொன்ன பொருள்தான் உள்ளே இருக்கிறதா, எவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்பது. மஞ்சளை முறித்துப் பார்ப்பதற்கு ஈடான செயல் இது.

இனிப் பூஜப்புரைக்குச் செல்வோம். நவராத்திரி விழாவிற்காக வேளிமலைக் குமாரசுவாமி குமாரகோவிலிலிருந்து புறப்பட்டு வந்து, விஜயதசமியன்று எழுந்தருளும் மண்டபம் இங்கேதான் உள்ளது. கன்னியாகுமரி மாவட்டத்தார்க்கு இடம் விளங்கியிருக்கும். அப்பகுதியில்தான் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம் அமைந்திருக்கிறது. அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளை நெடுநாளாக ஆராய்ந்து வருபவர்கள். தவளைக்கு மயிர் இல்லை, செதில் இல்லை, எந்நேரமும் ஈரமாயிருக்கும் வெறுந்தோல். கிருமிகள் நிறைந்த சேற்றிலும் இலைச்சருகிலும் அது வாழ்வது எவ்வாறு? அதன் தோல் சுரக்கும் கசிவில் கிருமிகளைக் கொல்லும் பெப்டைடுகள் உள்ளன என்பதே விடை. மிக மெல்லிய மின்தூண்டலால் அக்கசிவை வெளிவரச் செய்து சேகரிக்கிறார்கள். தவளையைக் கொல்ல வேண்டியதில்லை. கசிவிலுள்ள சரங்களின் வரிசையை அறிந்தபின், வேண்டிய அளவைச் செயற்கையாகவே தொடுத்துக்கொள்ளலாம்.

ஹைட்ரோஃபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா என்னும் தவளையின் கசிவிலிருந்து இவ்வாறு கிடைத்த 32 பெப்டைடுகளை, அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஷி ஜேக்கபின் குழுவும் இம்மையத்தாரும் சேர்ந்து இன்ஃப்ளுயன்சாக் கிருமியின்மீது ஏவிப் பார்த்தனர். நான்கு பெப்டைடுகள் கிருமியை எதிர்த்தன. விளம்பரம் எழுதுபவர் கையில் இச்செய்தி அப்போதே கிடைத்திருந்தால், நான்கு சிமிழ்கள் கடைக்கு வந்திருக்கும்!

ஆராய்ச்சியாளர் அங்கே நிற்கவில்லை. நான்கையும் மனித ரத்தத்தின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தனர். கிருமியின் உறையைக் குத்திக் கிழிக்கும் பெப்டைடு, நம் உயிரணுவின் உறையையும் கிழித்துவிடலாம் அல்லவா? இச்சோதனையின் தத்துவம் மிக எளிது. அணுக்களைப் பெப்டைடுடன் கலந்து வைத்திருந்து, பின் சுழற்றி அடியில் படியச் செய்கிறார்கள். மேலே நிற்கும் நீர் தெளிவாக இருந்தால் அணுக்கள் பிழைத்தன, சிவந்தால் உடைந்தன. சிவப்பின் அளவே சேதத்தின் அளவு. நான்கில் மூன்று சிவப்பணுக்களுக்குத் தீங்கு செய்தன. அவை விலக்கப்பட்டன. தேறியது ஒன்றே.

அமினோ அமிலங்கள் இருபத்தேழு கொண்ட அந்த ஒன்றிற்கு ‘உறுமின்’ என்று பெயரிட்டனர். உறுமி என்றவுடன் நமக்குக் கோயில் கொடையில் முழங்கும் தோற்கருவி நினைவு வரும். மலையாள நாட்டில் உறுமி என்பது களரி வீரர் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் சுருள்வாள். அந்த வாளை எண்ணித்தான் பெயர் வைத்தனர். 2017 ஏப்ரலில் முடிவுகள் வெளியாயின. எச்-1 வகை இன்ஃப்ளுயன்சாக் கிருமியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தின் தண்டுப் பகுதியைப் பற்றி உறுமின் அக்கிருமியைச் சிதைத்தது. நோய் கண்ட எலிகளைச் சாவிலிருந்து காத்தது. எச்-3 வகைக் கிருமியிடம் அதன் வாள் செல்லவில்லை. இதையும் மறைக்காமல் எழுதினர். மேலும், உடலின் செரிமான ரசங்களும் பிற நொதிகளும் பெப்டைடுகளை எளிதில் அறுத்துவிடும் ஆதலால், எலியிலிருந்து மனிதருக்குரிய மருந்தாவதற்கு நெடுவழி உண்டு.

முகப்பூச்சைப் பற்றிச் சொல்ல வந்தவர் தவளையைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு பெப்டைடை மதிப்பிடுவது என்றால் என்ன என்பதற்கு நம் பக்கத்திலேயே கிடைக்கும் தெளிவான சான்று இதுதான். முப்பத்திரண்டில் ஒன்றைத் தேர்ந்தனர். குணம் இருந்தும் மூன்றைத் தள்ளினர். தேர்ந்ததன் எல்லையையும் சொன்னார்கள். இதே பூஜப்புரையில், சாட்டெல்மண்ட் மாளிகையில் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தின் உயிர் மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவும் இத்தகைய பரிசோதனைகளுக்குப் பெயர் பெற்றது. செயற்கை இதய வால்வும் ரத்தப் பையும் உருவான இடம் அது. உடலைத் தொடும் பொருள் எதுவாயினும் உயிரணுவைக் கொல்கிறதா, ரத்தத்தை உடைக்கிறதா, தோலை எரிச்சலூட்டுகிறதா, நாளடைவில் ஒவ்வாமை உண்டாக்குகிறதா என்று வரிசையாகக் கேட்பது அங்கே வழக்கம். அழகுப் பொருள்களைப் பிராணிகளின்மீது சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது. ஆகவே முகப்பூச்சுகளுக்குத் தட்டில் வளர்த்த உயிரணுக்களும், ஆய்வகத்தில் வளர்த்த தோல் படலங்களும், இசைந்து முன்வரும் மனிதர்களுமே இக்கேள்விகளுக்கு விடை தருகின்றனர்.

தூய்மையும் தீங்கின்மையும் தேறிவிட்டன என்று கொள்வோம். இனி வருவதுதான் முகப்பூச்சுக்கு மிகக் கடினமான கேள்வி: பூசிய பெப்டைடு உள்ளே செல்கிறதா?

தோல் என்பது எதையும் உள்ளே விடாமலிருக்கவே படைக்கப்பட்ட சுவர். அதன் வெளிப்புறத்தில், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கே கனமுள்ள உயிரற்ற படலம் ஒன்று இருக்கிறது. செங்கல் அடுக்கிச் சாந்து பூசியதுபோல், இறந்த அணுக்களை அடுக்கி இடையே கொழுப்பைப் பூசிய அமைப்பு. கொல்லாஜனைச் செய்யும் அணுக்களோ அதற்கும் கீழே, உயிருள்ள மேல்தோலையும் தாண்டி, அடித்தோலில் உள்ளன. நீரின் மூலக்கூற்றெடை 18. ஏறக்குறைய 500-க்கு மேற்பட்ட எடையுள்ள பொருள்கள் தோலை எளிதில் ஊடுருவுவதில்லை என்று 2000-ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் எடுத்துக்காட்டினர். இது சட்டமன்று, நல்ல வழிகாட்டி. நாம் முன்னர்க் கண்ட ஐங்கண்ணிச் சரத்தின் எடை சுமார் 563. மேலும் அது நீரை நாடுவது. கொழுப்புச் சாந்தில் வழி காணாது.

இதற்கு ரசாயன நூலார் ஓர் உபாயம் செய்தனர். பாமாயிலில் மிகுதியாக உள்ள பால்மிடிக் அமிலத்தைச் சரத்தின் நுனியில் வாலாகக் கோத்தனர். எடை 802 ஆகக் கூடியது. ஆனால் கொழுப்போடு உறவு கொண்டாடும் குணம் வந்துவிட்டது. பால்மிடாயில் பென்டாபெப்டைடு என்று சிமிழ்களில் காண்பது இதையே. 2014-இல் வெளியான கொரிய ஆராய்ச்சி ஒன்றில், மயிரற்ற எலியின் தோல் துண்டின்மீது இரண்டையும் இட்டுப் பார்த்தனர். வால் இல்லாத சரம் தோலினுள் காணப்படவே இல்லை. வாலுள்ளது உட்சென்றிருந்தது, பெரும்பகுதி வெளிப்படலத்திலும், அடுத்து மேல்தோலிலும், மிகச் சிறிதளவே அடித்தோலிலும் தங்கியிருந்தது. அதாவது வாசலில் பலர் நின்றனர். முற்றத்தில் சிலர் நின்றனர். சேர வேண்டிய அறைக்கு மிகச் சிலரே சென்றனர். எனினும் சென்றனர் என்பதை மறுக்க இயலாது.

வேறொரு பேர்பெற்ற சரத்தின் கதை இவ்வளவு நன்றாக இல்லை. அசிட்டைல் ஹெக்சாபெப்டைடு என்பது அதன் பெயர், ஆறு கண்ணிகள், எடை ஏறத்தாழ 889. நரம்பு நுனியிலிருந்து தசைக்குச் செல்லும் ஏவலைத் தடுத்து, முகத்தசையைத் தளர்த்திச் சுருக்கத்தைக் குறைக்கும் என்பது அதன்மேல் ஏற்றிச் சொல்லப்படும் குணம். தசையை எட்ட வேண்டுமானால் தோல் முழுவதையும் கடக்க வேண்டும். மனிதத் தோல் துண்டில் இட்டுப் பார்த்த அமெரிக்க அரசு ஆராய்ச்சியாளர் 2015-இல் கூறியது யாதெனில், பெரும்பகுதியைத் தோலின் மேலிருந்தே கழுவி எடுத்துவிட முடிந்தது. புகுந்த சிறிதளவும் பெரும்பாலும் வெளிப்படலத்திலேயே நின்றது. அடித்தோலில் அது காணப்படவில்லை. வாசலிலேயே நிற்பவர் உள்ளறையில் வேலை செய்கிறார் என்றால் நம்புவது எப்படி? ஆயினும் 2002-இல் பத்துப் பெண்களைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையில், முப்பது நாளில் சுருக்கத்தின் ஆழம் முப்பது விழுக்காடு வரை குறைந்ததாகச் சொன்னார்கள். பத்துப் பேர் என்பது ஒரு கூட்டுக் குடும்பத்தின் பெண்டிர் தொகை.

ஐங்கண்ணிச் சரத்திற்கு இதைவிடச் சிறந்த சோதனை நடந்தது. 35 முதல் 55 வயது வரையுள்ள 93 பெண்கள், பன்னிரண்டு வாரங்கள். ஒவ்வொருவரும் முகத்தின் ஒரு பாதியில் பெப்டைடு சேர்த்த பூச்சையும், மறு பாதியில் பெப்டைடு மட்டும் சேர்க்காத அதே பூச்சையும் இட்டுக்கொண்டனர். எந்தப் பாதியில் எது என்பது பூசியவருக்கும் தெரியாது. பார்த்து மதிப்பெண் இட்டவருக்கும் தெரியாது. 2005-இல் முடிவு வெளியாயிற்று.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். வெறும் பூச்சிலேயே ஒரு மாயம் உண்டு. எண்ணெயும் நீரும் கலந்த எந்தக் களிம்பைப் பூசினாலும் வெளிப்படலம் ஈரத்தை ஏற்று உப்பும். மெல்லிய கோடுகள் சிறிது நேரத்தில் மங்கும். நம் பாட்டிமார் தேங்காய் எண்ணெயில் கண்ட பயனும் இதுவே. ஆகவே ‘பூசுவதற்கு முன், பூசிய பின்’ என்று காட்டும் இரு படங்கள் பெப்டைடைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்வதில்லை. அதே முகம், அதே உணவு, அதே உறக்கம், அதே வெயில், அதே பூச்சு. பெப்டைடு ஒன்றே வேறுபாடு என்று வைத்தால்தான் பெப்டைடின் பயன் தெரியும். அவ்வாறு வைத்துப் பார்த்தபோது, கருவிகளின் அளவிலும் வல்லுநர் பார்வையிலும், பெப்டைடு இட்ட பாதியில் சுருக்கம் கூடுதலாகக் குறைந்திருந்தது. தோலும் அதை நன்கு ஏற்றுக்கொண்டது.

இதை நாம் மதிக்கிறோம். மதிப்பதற்கு எல்லையும் வைக்கிறோம். சோதனையை நடத்தியவர்கள் இத்தகைய பூச்சுகளை விற்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அதனால் மட்டும் முடிவு பொய்யாகிவிடாது. ஆனால் விற்பனையில் ஆதாயமில்லாத பிறரும் அவ்வாறே செய்து அவ்வாறே காண வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அப்பெண்கள் வெண்ணிறத் தோலினர். நம் தோலில் வெயிலின் முதல் அடையாளம் பெரும்பாலும் சுருக்கமன்று, கருமைத் திட்டுகள். அவர்களுக்குச் சரியாய் இருந்தது நமக்கும் அதே அளவில் சரியாகும் என்று எடுத்துக்கொள்வதற்கில்லை. மேலும், வேறுபாடு இருந்தது என்பது ஒன்று. கண்ணாடியில் நிற்பவர்க்குத் தெரியும் அளவு பெரிதா என்பது மற்றொன்று. விளம்பரங்கள் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கின்றன.

அளவு என்றோமே, அதையும் கணக்கிட்டுவிடுவோம். 2005-இன் சோதனையில் சேர்த்த பெப்டைடு பத்து லட்சத்தில் மூன்று பங்கு. 50 கிராம் சிமிழ் முழுவதிலும் 0.15 மில்லிகிராம், தூள் உப்பில் இரண்டு மூன்று மணிகளின் எடை. 2002-இன் சோதனையில் ஆறுகண்ணிச் சரத்தைச் சேர்த்ததோ நூற்றுக்குப் பத்துப் பங்கு. இரண்டிற்கும் இடையே முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வேற்றுமை! இரு சிமிழ்களிலும் எழுதியிருப்பது ‘பெப்டைடு’ என்ற ஒரே சொல்தான்.

சரி, சேர்மானப் பட்டியலில் பெப்டைடு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்து அளவை ஊகிக்கலாமே என்று சிலர் எண்ணுவர். 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகளின்படி, நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அளவில் உள்ள பொருள்களைத்தான் அளவு இறங்கும் வரிசையில் எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் குறைந்தவையும் எந்த வரிசையிலும் வரலாம். ஆகவே உப்பு மணி அளவுள்ள பெப்டைடு, தனக்கு மேல் பல மடங்கு உள்ள பொருள்களுக்கும் முன்னால் சட்டப்படியே வந்து நிற்கலாம். பட்டியல் எது இருக்கிறது என்று சொல்லும். இது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாது. ‘இத்தனை விழுக்காடு’ என்று அளவைத் துணிந்து அச்சிடும் தயாரிப்பாளரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: அது பெப்டைடின் விழுக்காடா, பெப்டைடைக் கரைத்து வைத்த நீரின் விழுக்காடா?

சட்டத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள் சட்டப்படி, தூய்மை செய்யவும் அழகூட்டவும் தோற்றத்தை மாற்றவும் பூசப்படுவது அழகுப் பொருள். நோயைத் தீர்ப்பதாகச் சொன்னால் அது மருந்து. மருந்துக்குரிய பரிசோதனைகளின் சுமை பெரிது. எனவேதான் விளம்பரத்தின் சொற்கள் அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கின்றன. ‘சுருக்கம் குறையும்’ என்னாமல் ‘சுருக்கம் குறைந்தாற்போல் தோன்றும்’ என்பர். ‘தோன்றும்’ என்ற அந்த ஒரு சொல்லில் முழு வியாபாரமும் நிற்கிறது.

இவ்வளவும் சொன்னபின், பணத்தை வீணாக்குவது தவிர வேறு கெடுதல் உண்டா என்று கேட்டால், நன்கு ஆராயப்பட்ட இப்பெப்டைடுகளால் பெரிதாக இல்லை. ஆபத்து வேறிடத்திலிருந்து வருகிறது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள், சிறுநீர் வடிகட்டியின் சவ்வு தடித்துப் புரதம் வெளியேறும் நோயாளர் 22 பேரைக் கண்டனர். அவர்களுள் 15 பேரிடம் இருந்தது அந்நோயின் அரிதான ஒரு வகை. அந்தப் பதினைவரில் 13 பேர் தோலை வெளுக்கச் செய்யும் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள். அப்பூச்சுகளில் பாதரசம் இருந்தது. பூச்சை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர். பெப்டைடு நுழையத் திணறும் அதே சுவரைப் பாதரசம் தாண்டிப் போய்ச் சிறுநீரகத்தை அடைந்துவிடுகிறது.

அழகுப் பொருள்களில் தற்செயலாகக் கலந்திருக்கக்கூடிய பாதரசம், கண்ணுக்கு இடுபவை நீங்கலாக, பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது இந்திய விதி. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-இல் ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் கடைகளைச் சோதிக்கத் தொடங்கியது. சில பொருள்களில் அனுமதித்த அளவைப்போல் 12,000 மடங்கு வரை பாதரசம் காணப்பட்டதாக 2025-இல் அரசு அறிவித்தது. 12,000 மடங்கு என்றால் நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல்; அது தற்செயலாக நேர்ந்த கலப்பாக இருக்க முடியாது. சேர்மானத்தில் இல்லாத பாதரசத்தைப் போலவே, சேர்மானத்தில் மட்டும் உள்ள பெப்டைடும் சந்தையில் இருக்கக்கூடும். பெட்டியின்மேல் என்ன எழுதினாலும் உள்ளே இருப்பதைச் சோதிப்பவர் ஒருவர் வேண்டியிருக்கிறது.

வெளி மாநிலத்தில் வாழ்வோர்க்கு இதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. ஊரில் தெரிந்த கடைக்காரரிடம் வாங்கினால், பிறகு போய்க் கேட்கலாம். அஞ்சலில் வந்ததற்கும், வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்ததற்கும் கேட்க ஆளில்லை. சிமிழைத் திருப்பிப் பார்த்தால் உள்நாட்டுப் பொருளுக்குத் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் உற்பத்தி உரிம எண்ணும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளுக்கு இறக்குமதி செய்தவர் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இரண்டிற்கும் தொகுதி எண்ணும், எந்நாளுக்குள் பயன்படுத்துவது என்பதும் வேண்டும். இவை இல்லாத சிமிழை, அது எவ்வளவு அன்போடு கொடுக்கப்பட்டதாயினும், முகத்திற்கு அருகில் கொண்டுபோகாமலிருப்பது நலம்.

இவை யாவும் இருந்து, விலையும் கைக்கு எட்டி, ஆசையும் விடவில்லையானால், பெப்டைடுப் பூச்சைப் பூசிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. வெயிலில் செல்லும்போது அதன்மேல் வெயில்காப்புக் களிம்பு ஒன்றையும் பூசிக்கொள்ள வேண்டும். கொல்லாஜன் வடத்தை அறுப்பதில் இவ்வூர் வெயிலுக்கு நிகர் இல்லை. புதிய பூச்சை முதல் நாளே முகத்தில் இடாமல், முழங்கையின் உட்புறத்தில் காசளவு இடத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரமேனும் இட்டு வரவேண்டும். அவ்விடம் சிவந்தாலோ, அரித்தாலோ, கொப்புளித்தாலோ, கழுவிவிட்டு, சிமிழைத் தூர எறியாமல் அப்படியே எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சேர்மானப் பட்டியல் அவருக்குத் தேவைப்படும்.